பொழுது போன பிறகு ஒரு டம்ளர் பால்

டீ வேண்டாம் மேடம். பொழுது போய்விட்டது. பொழுது போன பிறகு எங்கள் வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டோம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

செஞ்சி போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறீர்கள், எங்களை மாதிரி நயினார் வீட்டுக்காரர்களை, தமிழ்ச் சமணர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுவோம். விளக்கு வெளிச்சத்தைத் தேடி வருகிற சின்ன உயிர் எதுவும் சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவோம். அந்தத் துணியைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசிவிடுவோம், அதில் ஒட்டியிருப்பது அதன் இடத்துக்கே போய்ச் சேரட்டும் என்று. நான் ஒருநாளும் இதில் தவறியதில்லை.

பிரம்மி இத்தனை நாள் கழித்து உங்களிடம் வந்து டம்ளரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பிரம்மி என் கணவரின் தங்கை, மேல்சித்தாமூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பொய் சொல்கிறவள் இல்லை. பாறைமேல் கிடந்த டம்ளரில் பாலாடை ஒட்டியிருந்தது, எங்க அண்ணன் பொழுது போனப்புறம் பால் குடிக்கிற ஆள் இல்ல என்று சொன்னாளாமே, அது சரிதான். அந்தப் பாலை நான்தான் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அனந்தபுரத்தில் ஒரு சொசைட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம். மல்லாட்டை, வேர்க்கடலை வியாபாரத்தில் காசு கொட்டுகிறது என்று யாரோ சொல்ல, வேலையை விட்டுவிட்டார். முதல் அறுவடைக்கு எனக்கும் அம்மாவுக்கும் புதுத்துணி வந்தது. அடுத்த அறுவடைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா சாயங்காலமானால் முந்தானைக்குள் படியை மறைத்துக்கொண்டு அரிசி கேட்டுப் போவாள். வெளிச்சத்தில் போக வெட்கம். அவள் வாங்கிக்கொண்டு வந்து உலை வைப்பதற்குள் பொழுது போய்விடும். பொழுது போய்விட்டால் சாப்பிடக் கூடாது. "இன்னிக்கி நோன்புன்னு நெனச்சிக்கோ கண்ணு" என்பார் நைனா. நான் வாசலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மலைக்குப் பின்னால் அது இறங்க இறங்க என் கைகால் சில்லிட்டுப் போகும். இப்போதும் அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகிறது. நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோதுகூட.

கோமதேஷை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தபோது நான் கேட்டது ஒன்றுதான், அரசாங்க வேலையா என்று. ஆமாம் என்றார்கள். எந்த ஆபீஸ் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல மனிதர் மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடமோ மகளிடமோ குரலை உயர்த்தினதில்லை. நான் அரிசி டிரம்மை மாதக் கடைசியில்கூடத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருப்பேன். அதைப் பார்த்துவிட்டு "கோட்டையை முற்றுகை போடப் போறானுங்களா சுதா?" என்று கேட்பார். அதோடு சரி.

போக்கர் ஆட்டம் அவருக்கு எப்படிப் பழக்கமானது என்று சரியாகத் தெரியாது. கூடப் படித்த பிரசாந்த் என்று ஒருவர் பெங்களூரில் அதையே தொழிலாகச் செய்கிறார், அவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வீடு செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குப் பின்பக்கம். வீட்டுக்குள் போனில் சிக்னல் நிற்காது. கொல்லைக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால் நன்றாகக் கிடைக்கும். சாப்பிட்டு முடித்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டுப் பக்கம் பாறை சரிவாக இருக்கும், ஏறுவது சுலபம். அந்தப் பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளம். அவர் உட்காரும் இடம் ஓரத்தில்தான். அங்கேதான் சிக்னல் விட்டுப் போகாது.

அவர் ஏமாளி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாகிவிடுவேன். எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

"இது ரம்மி மாதிரி இல்ல சுதா. இதுல ஜெயிக்கிறது சீட்டு இல்ல, ஆளு."

"அப்ப இன்னா, எதிராளி மூஞ்சிய போன்ல பாக்கறீங்களா?"

"மூஞ்சி எதுக்கு? எவ்ளோ நேரம் யோசிக்கிறான், எப்ப துணிஞ்சி வைக்கிறான், அதுலயே ஆளு தெரிஞ்சிடும். நல்ல ஆட்டக்காரன் பாதிக்கு மேல சீட்டத் தூக்கிப் போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பான்."

"சும்மா உக்காரத்தான் ஆபீஸ்ல சம்பளம் தராங்களே."

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நிஜமான சீட்டுக் கட்டு ஒன்று வாங்கி வந்து, ஆளுக்கு இரண்டு சீட்டு போட்டு, புளியங்கொட்டையைப் பணமாக வைத்து என்னோடு ஆடினார். கையில் ஒன்றும் இல்லாமலே இருக்கிற மாதிரி எப்படிக் காட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். நான் ஆடுவதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியல. நீ எறங்கினா நான் பிச்சைதான் எடுக்கணும்" என்றார். ஆனால் புளியங்கொட்டை போவதுகூட எனக்குப் பயமாக இருந்தது. எதிராளியின் பயத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். என்னுடையதை மட்டும் கண்டுபிடிக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வாராம். வருகிற ஆட்டத்தில் பாதியைக்கூட ஆட முடியவில்லை, ஆபீஸ் நேரத்தில்தான் பெரிய ஆட்டங்கள் நடக்கின்றன, சம்பளத்தைவிட இதில் கூட வருகிறது என்று கணக்குச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான் ஜன்னல் வழியாகச் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ இன்னா சொல்ற?"

"யோசிச்சிச் சொல்றேங்க."

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அம்மாவின் முந்தானைக்குள் அந்தப் படி தெரியும். டாக்டரிடம் போனேன். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது எனக்காக வாங்கிய மாத்திரை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கோ கொடுக்க வேண்டும் என்று வாங்கியதில்லை.

ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனதால் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஜெயக்கொடி அக்கா இருந்தார். அங்கே எல்லோருக்கும் மேலே இருப்பவர், வாய் மட்டும் நிற்காது.

"வா சுதா. இன்னா, உங்க வூட்டுக்காரரு சீட்டாடிப் பொழைக்கப் போறாராமே. நாங்கல்லாம் ஃபைலக் கட்டிக்கினு அழுவுறோம், அவரு ராஜாவாட்டம் போறாரு."

விட்டுவிட்டுப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

"இன்னா கெடைக்கும்? கைய வீசிக்கினு போவ வேண்டியதுதான். ராஜினாமா பண்ணவனுக்கு அரசாங்கம் ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடுக்காது. சர்வீஸ்ல இருக்கறப்ப செத்தாலாவது பொண்டாட்டிக்கு வேலை குடுப்பாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். "சனியன் புடிச்ச வாய் எனக்கு. நீ மனசுல வச்சிக்காத."

நானும் சிரித்தேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது, நான் பி.காம். முடித்த சான்றிதழ் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஏனோ நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

மாத்திரையை அவர் சாப்பாட்டில் கலந்தது அதற்குப் பிறகுதான். என் எண்ணம் மிகச் சாதாரணமானது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் நன்றாக ஆட முடியாது. கொஞ்ச நாள் தோற்றால் அந்தத் தொழில் தனக்கு ஒத்துவராது என்று அவராகவே வேலையோடு இருந்துவிடுவார். நான் வேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்காது. சாயங்காலச் சாப்பாட்டோடு சரி, விடியும்வரை வேறெதுவும் சாப்பிடமாட்டார் என்பதால் எனக்கு வசதியாக இருந்தது. கொஞ்சம்தான் போடுவேன். அம்மியில் பொடி செய்து குழம்பில் கலந்துவிடுவேன். அம்மியைக் கழுவின தண்ணீரை மட்டும் கிணற்றுப் பக்கம் ஊற்றமாட்டேன். உள்ளே சின்னச் சின்ன உயிர்கள் இருக்கும், அவை என்ன பாவம் செய்தன. தெருச் சாக்கடையில் கொண்டுபோய் ஊற்றிவிடுவேன்.

பாறைமேல் உட்காருகிறாரே, தூங்கிப்போனால் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. தினமும் சமையலறை ஜன்னலில் நின்று அவர் போனின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெளிச்சம் ஆடினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஆனாலும் அடுத்த நாள் சாயங்காலம் கை தானாக அம்மியை இழுத்துப் போடும். இரண்டு பயம் இருந்தால் பெரியதைத்தானே மேடம் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் நினைத்தபடி தோற்றார். நினைக்காத ஒன்றும் நடந்தது. ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து இறங்கி வந்து, "இந்த ஆபீஸ்தான் சுதா என்னைக் கொல்லுது" என்றார். "பகல் முழுக்க அந்த ஃபைலோட மாரடிச்சிட்டு வந்து உக்காந்தா கண்ணு தானா சொக்குது. சீட்டே ரெண்டு ரெண்டாத் தெரியுது. வேலைய விட்டாத்தான் நான் தெளிவா ஆட முடியும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நான் எதைத் தடுக்க அரைத்தேனோ, அதற்கே வழி செய்து கொடுத்திருந்தேன். உடனே மாத்திரையை நிறுத்தினேன். அந்த வாரம் சித்திரைத் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தார். தெளிந்துவிட்டார். ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தார். "பாத்தியா, ஆபீஸ் போவலன்னா எப்படி இருக்கறேன்" என்றார். மாத்திரை போட்டாலும் வேலையை விடுவார், போடாவிட்டாலும் விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசலில் நின்று சூரியனைப் பார்க்கிற அந்தச் சிறுமியாகவே நான் நின்றேன். இப்போது பக்கத்தில் என் மகளும் நின்றாள்.

மகளை அந்தச் சனிக்கிழமை பிரம்மி வீட்டுக்கு அனுப்பினேன். சும்மாதான். பிரம்மி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டில் நான் எதுவும் கலக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பொழுது இறங்கிவிட்டது. உள்ளே வந்து சொன்னார்.

"நாளைக்கி எழுதிக் குடுத்துடறேன் சுதா."

"சரிங்க."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? இன்னிக்கி ஆட்டம் ரொம்ப நேரம் இழுக்கும்னீங்களே. இருங்க, ஒரு டம்ளர் பால் காய்ச்சித் தரேன்."

"பொழுது போயிடுச்சே."

"தெரியும். எனக்காக ஒரு நாளு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தபோதுகூட, பொழுது போன பிறகு ஒரு வாய்க் கஞ்சி கொடுத்தவளில்லை நான். அவருடைய முடிவுக்கு நான் சம்மதித்துவிட்டதை இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காகத் தன் நியமத்தை விடுகிறவர், டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாத்திரை வழக்கத்தைவிட அதிகம்தான். இனிப்பும் அதிகம் போட்டிருந்தேன்.

பாதி குடித்துவிட்டுக் கொல்லைக் கதவு வரை போனவர், திரும்பி நின்றார்.

"நீ இவ்ளோ பயந்துட்டியா சுதா? நியமத்த விடற அளவுக்கு?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"வாணாம். நாளைக்கி எழுதிக் குடுக்கல. வேலை இருக்கட்டும். இன்னிக்கி ஆட்டத்துக்குப் பேரு குடுத்துட்டேன், அத மட்டும் ஆடிட்டு வந்துடறேன். அப்புறம் உக்காந்து பேசலாம், இன்னா?"

சொல்லிவிட்டு மிச்சப் பாலோடு பாறைப் பக்கம் நடந்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். புரிகிறது. பால் ஆறிவிட்டது, கொடுங்க, சூடு பண்ணித் தரேன் என்று நான் சொல்லியிருக்கலாம். எழுந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மனிதர்களின் மனது இன்று ஒன்று சொல்லும், அடுத்த மாதம் வேறொன்று சொல்லும். எங்கள் நைனாகூட ஒரு முறை, வேலையை விடமாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அடுத்த மாதம் இவர் என்ன முடிவெடுப்பார் என்று எனக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? அந்த நிமிடத்தில் அவர் வேலையில் இருந்தார். அது ஒன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. நல்ல சீட்டு கைக்கு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், வந்துவிட்டால் தயங்கக் கூடாது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

கொசு வரும் என்று கொல்லைக் கதவைச் சாத்தினேன். அன்று ஜன்னல் பக்கம் போகவில்லை. மறுநாளைக்கான தண்ணீரை வடிகட்டினேன். துணியை அலசி உதறும்போது தென்னை மட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பின்னால் தென்னை மரம் கிடையாது. துணியைக் கொடியில் சுருக்கமில்லாமல் விரித்துக் காயப் போட்டேன்.

விடிந்ததும் டம்ளரை எடுத்துவிட நினைத்தேன். சரிவில் பாதிதான் ஏறினேன். எனக்கு உயரமென்றால் பயம். அதற்கு மேல் கால் வரவில்லை, அதனால்தான் அது அங்கேயே கிடந்தது. கல்குவாரிப் பள்ளத்தில் அவர் கிடந்ததைப் பார்த்து ஊரே கூடியபோது, குடித்துவிட்டு விழுந்திருப்பானோ என்று ஒருவர் கேட்டார். "நயினார் வூட்டுப் புள்ளைங்க, குடியா? வாயக் கழுவு" என்று அக்கம்பக்கத்தில் சண்டைக்கே போய்விட்டார்கள். போன் பார்த்துக்கொண்டே தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோருமே சொன்னார்கள். பிரம்மி மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி இருந்தாள்.

"அண்ணி, அண்ணன் எப்ப சாப்டாரு?"

"பொழுது சாயறதுக்கு முன்ன."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வாரிசு வேலை எல்லோருக்கும் வருஷக்கணக்கில் இழுக்குமாம். எனக்காக ஜெயக்கொடி அக்கா அலையாத இடமில்லை, சீக்கிரமே ஆர்டர் வந்துவிட்டது. அன்று சொன்ன சொல் பலித்துவிட்டதே என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுவார். என் கணவர் உட்கார்ந்த நாற்காலியே எனக்குக் கிடைத்தது. கைப்பிடியில் அவர் பேனாவால் சுரண்டின தடம் இருக்கிறது. முதல் சம்பளம் வந்த அன்று மாத்திரை இல்லாமல் தூங்கினேன். மகள் சூரியன் இருக்கும்போதே வயிறாரச் சாப்பிடுகிறாள். இப்போது பாருங்கள், பணம் வைத்து ஆடுகிற அந்த ஆட்டத்துக்கே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். அவர் இருந்திருந்தால் வேலையும் இல்லாமல், ஆட்டமும் இல்லாமல், என்ன கதியாகியிருப்பார்? சில சமயம் சாயங்காலத்தில் நினைத்துக்கொள்வேன். அவரை அந்தக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றியது நான்தான்.

கொடுங்கள், படித்துப் பார்க்க வேண்டியதில்லை, நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது மேடம். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. காலையில் நான் ஆபீசுக்குப் போயாக வேண்டும், இந்த நேரத்தில் ஒரு நாள் விடுப்பு விழுந்தாலும் என் வேலைக்கு ஆபத்து.